கேம் பக்கத்தில் சித்தியின் கால்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.
12.06.2005

செல்வி றிஸ்பா றவூப் அவர்களுக்கு,

பத்திரிகையில் உங்கள் பெயரை முழுதாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆகவே நானும் முழுதாகவே எழுதுகிறேன்.

நான் படிப்பிக்கும் கணினி நிலையத்துக்கு அந்த வாரப் பத்திரிகை எப்போதாவதுதான் வரும், அதுவும் மூன்று கிழமை பிந்தி. ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி லொறியில் வருகிற கட்டு. நேற்று இரண்டு இதழ்கள் ஒன்றாக வந்தன. இளையோர் பக்கத்தில் ‘விளையாடிப் பார்த்தேன்’ என்று ஒரு தொடர், கீழே உங்கள் பெயர். எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று தெரியுமா? வவுனியாவில் ஆறு மாதம் ஒரே வாங்கில் இருந்து கணினி படித்த என் சிநேகிதி பத்திரிகையில் எழுதுகிறாள் என்று, வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் காட்டினேன். பிறகுதான் வாசித்தேன்.

“ஆளில்லாத ஒரு தீவு. எதிரி இல்லை, துவக்கு இல்லை, நேரக் கணக்கு இல்லை. நடந்தால் மட்டும் போதும். கால் பட்ட இடம்தான் வரைபடத்தில் வெளிச்சமாகும், மற்றதெல்லாம் கறுப்பு. பாதையை விட்டு இறங்குபவர்களுக்கே பரிசு கிடைக்கும். நானோ மூன்று கிழமை பாதையை விட்டு இறங்கவே இல்லை. விசையில் விரல் இருந்தது, கால் கூசியது.”

இது என்னுடைய மாசி மாதக் கடிதம். ஒரு பந்தி இல்லை, மற்றபடி ஒரு சொல்லும் மாறவில்லை. இல்லை, ஒன்று மாறியிருக்கிறது. சமாதானம் வந்த வருடம் பளையில் இருந்த தன் வீட்டு வளவைப் பார்க்கப் போய், கிணறு இருக்கிறதா என்று இரண்டடி ஒதுங்கி, மிதிவெடியில் வலக்காலைக் கொடுத்த என் சிவலட்சுமிச் சித்தி உன் கட்டுரையில் “என் மாமி” ஆகிவிட்டா.

நீங்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். முடியவில்லை. நீ என்றே திட்டுகிறேன்.

பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுபோனது என் மடத்தனம். குசினியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் சித்தி வாசித்துக்கொண்டிருக்கிறா. சித்தி நிமிர்ந்து பார்த்து, “பாவம் பிள்ளை, இவாவுக்கும் வலக்கால்தானாம். இவாவும் கிணத்தடிக்குத்தான் போனவாவாம்” என்றா.

தன் கதை என்று அவாவுக்கு விளங்கவில்லை, றிஸ்பா. உலகத்தில் தன்னைப்போல இன்னொருத்தி இருக்கிறா என்று நம்பிவிட்டா. என்னோடு படித்தவள் எழுதியது என்று அம்மா சொல்லியிருக்கிறா. இரவுச் சாப்பாட்டுக்கு முதலே சித்தி மூன்று தரம் கேட்டுவிட்டா: அந்த மாமிக்குப் பொய்க்கால் எங்கே செய்தவை, மழைக்காலத்தில் அவாவுக்கும் நோகிறதா, கடிதம் போட்டுக் கேட்டுச் சொல்லு என்று.

கேட்கிறேன். சொல். உன் மாமிக்கு மழைக்காலத்தில் நோகிறதா?

சிவதர்சினி


நெளுக்குளம்,
வவுனியா.
21.06.2005

தர்சினி,

உன் கடிதத்தை முதலில் உம்மா உடைத்தா. ‘செல்வி’, ‘அவர்களுக்கு’ எல்லாம் பார்த்துவிட்டு, “ஆரிது, அரசாங்கக் கச்சேரியில இருந்தோ?” என்று கேட்டா. ஓம் என்று சொல்லிவிட்டேன். நீ எழுதியிருந்ததும் விளக்கம் கேட்கும் அழைப்பாணைபோலத்தான் இருந்தது.

இனி என் பக்கத்தைக் கேள். கேட்கிற பழக்கம் உனக்கு இல்லை, ஆனாலும் கேள்.

பங்குனியில் நான் உனக்கு எழுதினேன். ஒரு பத்திரிகையில் இளையோர் பக்கம் பார்க்கிற பாலன் ஐயா, கணினி விளையாட்டுகளைப் பற்றி யாராவது பெண்பிள்ளை எழுதினால் நல்லது என்கிறார், நான் எழுதப் போகிறேன், நீ எழுதியதிலும் கொஞ்சம் எடுக்கட்டா என்று கேட்டேன். நீ எழுதிய பதில் என்னிடம் இருக்கிறது. “என்னவாவது செய். என் பெயர் மட்டும் வெளியில் வரக்கூடாது. அப்பா உயிரோடு விடமாட்டார்.” இது உன் கையெழுத்து. பெயர் வரக்கூடாது என்றால் சித்தியும் வரக்கூடாதுதானே? பளை, கிணறு, வலக்கால், சித்தி என்று எழுதினால் வட்டக்கச்சியில் எந்த வீடு என்று யாருக்குத் தெரியாது? அதற்காகத்தான் மாமியாக்கினேன்.

சித்தி அதை வாசிப்பா என்று நான் நினைக்கவில்லை. அது என் பிழை. அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் ஒன்றையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீ எப்படி விளையாடுகிறாய்? வகுப்பு முடிந்த பிறகும் நிலையத்தில் ஜெனரேற்றர் ஓடுகிறது. கதவைச் சாத்திவிட்டு ஒரு மணித்தியாலம் தனியாக இருக்கிறாய். எனக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான். என் கூடப்பிறந்த அஸ்வர் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற நேரத்தில், அவருடைய திருத்தவேலைக் கடையில், யாருடையதோ கொம்பியூட்டரில். சத்தம் போடாமல். அடுத்த கிழமை அந்தக் கொம்பியூட்டர் சொந்தக்காரரிடம் போய்விடும். அடுத்ததில் நான் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அந்த ஓடிப் பாய்கிற கேமில் முதல் மூன்று கட்டங்களில் எந்தக் கல் ஆடும், எந்தப் பாலம் கால் பட்டதும் விழும், எந்தப் பாய்ச்சலுக்கு விசையை அரை நொடி பிந்தி விடவேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நாலாம் கட்டத்தை நான் கண்டதே இல்லை. இதையெல்லாம் தை மாதத்தில் நான்கு பக்கம் எழுதி உனக்கு அனுப்பினேன். நீ என்ன பதில் எழுதினாய்? “உனக்கு அவசரம் கூட, அதனால்தான் குழிக்குள் விழுகிறாய்.” ஒரே வரி. பிறகு ஆறு பக்கம் உன் தீவு.

நீ எனக்கு எழுதவில்லை, தர்சினி. உனக்கே எழுதினாய். முகவரி மட்டும் என்னுடையது.

ஒன்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் செவ்வாயும் வியாழனும் வந்து பக்கத்தைத் தட்டச்சுச் செய்யச் சொல்லிப் பாலன் ஐயா கேட்டிருக்கிறார். வாப்பா ஓம் என்றுவிட்டார். நானாவும் இரண்டு கிழமை முகத்தை நீட்டிவிட்டுச் சம்மதித்துவிட்டார். எங்கள் வீட்டில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். உன் கோபத்தை என்னோடு வைத்துக்கொள்.

றிஸ்பா


வட்டக்கச்சி,
03.07.2005

றிஸ்பா,

“கொஞ்சம் எடுக்கட்டா” என்று கேட்டாய். கொஞ்சம் என்றால் ஒரு கடிதம் முழுவதுமா? பெயர் வேண்டாம் என்று நான் சொன்னேன். உன் பெயரைப் போடு என்று சொல்லவில்லை. பெயரில்லாமல் போட்டிருக்கலாம். ‘கிளிநொச்சியில் இருந்து ஒரு வாசகி’ என்று போட்டிருக்கலாம். அது உனக்குத் தெரியாமல் இல்லை.

நான் கேட்க மாட்டேன் என்றாய். கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் பாலன் ஐயாவுக்கு எழுதியிருக்கிறேன். அந்தத் தொடரில் வந்தவையெல்லாம் என் கடிதங்களில் இருந்து எடுக்கப்பட்டவை, எழுதியவருக்கு அதில் உரிமை இல்லை என்று எழுதினேன். என் பெயரும் முகவரியும் போட்டே எழுதினேன். அப்பாவுக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

சிவதர்சினி


நெளுக்குளம்,
20.07.2005

சிவதர்சினி,

பாலன் ஐயா ஆள் விட்டு அழைத்தார். வேலை விசயம் என்று நினைத்து வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வாப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னார்கள், தேத்தண்ணி தந்தார்கள். பிறகு பாலன் ஐயா உன் கடிதத்தை எடுத்து வாப்பாவுக்கு முன்னால் சத்தமாக வாசித்தார். முழுவதையும்.

“உரிமை இல்லை” என்ற இடத்தில் ஒரு தரம் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

தொடர் நின்றுவிட்டது. வேலையும் இல்லை. வாப்பா எனக்கு முன்னால் பஸ் நிலையத்துக்கு நடந்தார். பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு, “உண்மையா மகள்?” என்று கேட்டார்.

“கொஞ்சம் உண்மை, வாப்பா.”

“கொஞ்சம் எண்டா எவ்வளவு?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். இருபது வருடம் என்னை நம்பின மனிசன். நானா கடைக்கும் வீட்டுக்கும் இடையில் இருந்த கதவுக்கு ஆணி அடித்துவிட்டார்.

வாப்பாவுக்குச் சொல்லாத பதிலை உனக்குச் சொல்கிறேன். இந்த உறையில் ஒன்பது துண்டுகள் இருக்கின்றன. வந்தது ஒன்பது கட்டுரை. நீ கண்டது இரண்டு இதழ் மட்டும்தான். உன்னுடையவற்றுக்குச் சிவப்புப் பேனையால் கோடு போட்டிருக்கிறேன். எண்ணிப் பார். தீவு முழுவதும், பிறகு அந்தச் சுரங்க விளையாட்டில் பாதி. ஒன்றரை. மிச்சம் ஏழரை நான் எழுதியது. உன் கடிதத்தில் இருந்து இல்லை, யாருடைய கடிதத்தில் இருந்தும் இல்லை. நீ வாசிக்காமலே “எல்லாம்” என்று எழுதினாய்.

நான் ஒன்றரை எடுத்தேன். நீ ஏழரை எடுத்தாய்.

நாலாவது துண்டை வாசி. தை மாதம் உனக்கு அனுப்பிய நான்கு பக்கத்தின் மூன்றாம் பக்கத்தில் அது இருந்தது. நீ அவ்வளவு தூரம் வாசித்திருக்க மாட்டாய். வாசித்துவிட்டு எனக்கு எழுதாதே.

றிஸ்பா


வட்டக்கச்சி,
11.08.2005

றிஸ்பா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடு.

நாலாவது துண்டை வாசித்தேன். அந்த ஓடிப் பாய்கிற விளையாட்டில் ஆள் வலப்பக்கம் மட்டும்தான் போகலாம். திரை அவனோடு நகரும். இடப்பக்கத்தால் மறைந்தது மறைந்ததுதான். திரும்பி ஓடினால் ஒரு சுவர் முட்டும். “சுவர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நெற்றி இடிக்கும்” என்று எழுதியிருக்கிறாய். பிறகு, 1990 இல் முஸ்லிம்களை முல்லைத்தீவை விட்டுப் போகச் சொன்ன அன்று நீ ஐந்து வயதுப் பிள்ளையாக உழவு இயந்திரப் பெட்டியில் பின்பக்கம் பார்த்து இருந்ததை எழுதியிருக்கிறாய். வீடு தெரிந்தது, கிடுகு வேலி தெரிந்தது, வளைவு வந்ததும் ஒன்றும் தெரியவில்லை. பதின்மூன்று வருடம் கழித்து வாப்பாவோடு போய்ப் பார்த்தபோது முற்றத்துக் கொடியில் வேறு யாருடையதோ உடுப்புக் காய்ந்தது. வாப்பா படலையைத் திறக்கவில்லை. வந்த வழியே பஸ்ஸுக்கு நடந்தீர்கள்.

ஆறு மாதம் ஒரே வாங்கில் இருந்தோம். மதியம் என் சோற்றில் பாதி உனக்கு, உன் இடியப்பத்தில் பாதி எனக்கு. ஒரு நாளும் நீ இதைச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. முல்லைத்தீவில் பிறந்தனான் என்று நீ சொன்னபோது, “அப்ப உனக்கு நல்லா நீந்தத் தெரியுமே” என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. உன்னைப் போகச் சொன்னவர்கள் உன் பாசையையே பேசுகிற என் ஆட்கள். அது தெரிந்தும் ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

நேற்று நிலையத்தில் அந்தக் கேமைப் போட்டேன். வலப்பக்கம் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு, இடப்பக்க விசையை அமர்த்திப் பிடித்தேன். அவன் கால்கள் மட்டும் ஓடின. ஆள் அதே இடத்தில் நின்றான். ஜெனரேற்றர் நிற்கும்வரை பிடித்திருந்தேன். இவ்வளவு நாளும் அந்த விளையாட்டைச் சின்னப்பிள்ளைகளுக்கானது என்று நினைத்திருந்தேன்.

பாலன் ஐயாவுக்குத் திருத்தம் எழுதிவிட்டேன். ஒன்பதில் ஒன்றரைதான் என்னுடையது, மிச்சத்தை வாசிக்காமல் எழுதினேன், பிழை என்னுடையது, அதைப் பத்திரிகையில் போடுங்கோ என்று கேட்டேன். அவர் பதில் போட்டார். திருத்தம் போட இடமில்லையாம். ஆனால் ‘கிளிநொச்சிச் சகோதரி’ விரும்பினால் தொடரைத் தொடர்ந்து எழுதலாமாம். அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன். வாப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவரிடம் கொடு. கொடுக்காவிட்டாலும் உன் விருப்பம்.

சித்திக்கு உண்மையைச் சொன்னேன். அப்படி ஒரு மாமி இல்லை, அது நீங்கள்தான் சித்தி என்றேன். திட்டுவா, அல்லது அழுவா என்று நினைத்தேன். சித்தி, “அப்ப ஒரு கால் மிச்சம்” என்றா. எனக்கு விளங்கவில்லை. “இன்னொருத்திக்கும் கால் போயிட்டுதெண்டு நினைச்சு நான் ரெண்டு மாதமாக் கவலைப்பட்டனான். அவா இல்லையெண்டா அவான்ர கால் மிச்சம்தானே” என்றா.

அதற்காக நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. சித்தி பெரிய மனிசி. நான் அப்படி இல்லை. நீ செய்தது களவு, நான் செய்தது அதைவிட மோசம். இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. எனக்கு இரண்டும் அப்படியே இருக்கிறது.

தர்சினி


நெளுக்குளம்,
02.11.2008

தர்சினி,

இது இந்த வருடம் நான் போடும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் திரும்பி வந்துவிட்டன. ஒன்றில் தபால்காரர் காரணம்கூட எழுதவில்லை. இதுவும் திரும்பி வரும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் இப்போது ஒருவரும் இல்லை என்கிறார்கள். சனம் முழுவதும் கிழக்குப் பக்கமாகப் போகிறதாம். வட்டக்கச்சியா, தருமபுரமா, அதற்கும் அப்பாலா? எங்கே இருக்கிறாய் என்று யாரிடம் கேட்பது? என் தட்டச்சுக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கேட்கிறேன். “வட்டக்கச்சி யோகநாதன் எண்டு ஒரு கமக்காரர், மகள் கொம்பியூட்டர் படிப்பிச்சவா” என்று. ஒருவருக்கும் தெரியாது.

உன் கடைசிக் கடிதத்துக்கு மூன்று வருடமாகப் பதில் போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன். வாப்பாவிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். “நல்ல பிள்ளை” என்றார். உன்னை! என்னை இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உன் கடிதத்தைக் கிழித்தேன். கிழித்த பிறகு ஒட்டினேன். அதோடு, ஒழுங்கான பதில் ஒன்று எழுதினால் சண்டை முடிந்துவிடும்போல இருந்தது. எனக்கு முடிக்க விருப்பமில்லை. இன்னும் கொஞ்சக் காலம் நீ குற்றவாளியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவர் பெயர் ஸாஜித். நல்லவர். சந்திக்குப் பக்கத்தில் தட்டச்சுக் கடை போட்டுத் தந்திருக்கிறார். எனக்கென்று சொந்தமாக ஒரு கொம்பியூட்டர், கதவுக்கு ஆணி இல்லை, வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நாலாம் கட்டத்தையும் பார்த்தேன். முதலாம் கட்டம்தான், நிறம் மட்டும் வேறு. அவ்வளவு வருடம் அதற்காகவா என்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல உன்னைத் தவிர ஆளில்லை. ஸாஜித்துக்குச் சொன்னேன், “அது கேம்தானே” என்றார்.

2006 இல் ஓமந்தைப் பாதை மூடப்போகிறது என்று எல்லோரும் சொன்னபோது நீ ஏன் வரவில்லை? அப்பா வயலை விட மாட்டார், அம்மா அப்பாவை விட மாட்டா, நீ அம்மாவை விட மாட்டாய். தெரியும். தெரிந்தும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

எங்கே இருந்தாலும் எழுது. திட்டியாவது எழுது.

றிஸ்பா


முகாம்,
செட்டிகுளம்.
09.06.2009

றிஸ்பா,

இங்கே ஒரு தொண்டு நிறுவனத்தார் வந்து உறவினருக்குச் செய்தி அனுப்பப் படிவம் தருகிறார்கள். பெயர், முகவரி, உறவு முறை, பத்து வரி. உறவினருக்கு மட்டும்தான் அனுப்பலாம். ‘தங்கை’ என்று எழுதினேன். படிவம் வாங்கிய பெண் உன் பெயரைப் பார்த்துவிட்டு, “எப்பிடித் தங்கச்சி?” என்று கேட்டா. “சண்டைக்காரத் தங்கச்சி” என்றேன். அவா முத்திரை குத்தினா. படிவத்தின் பின்பக்கத்திலும் எழுதவிட்டா.

நானும் அம்மாவும் சித்திரையில் வந்தோம். அப்பா வரவில்லை. புதுமாத்தளனில் பங்குனி இருபத்தாறு. சித்தி அதற்கு நான்கு நாள் முந்தி. ஓடச் சொன்னார்கள், சித்தியால் மணலில் ஓட முடியவில்லை. பொய்க்கால் மணலில் புதைந்தது. என்னைப் போகச் சொன்னா. நான் போகவில்லை. பிறகு போனேன். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ஒரு விசயத்துக்காகத்தான் எழுதுகிறேன். எங்களிடம் சித்தியின் படம் ஒன்றும் இல்லை. அடையாள அட்டையும் அவாவோடு போய்விட்டது. சித்தியைப் பற்றி அச்சில் வந்தது அந்தத் தீவுக் கட்டுரை ஒன்றுதான். அதில் அவா உன் மாமி. நீ அனுப்பிய துண்டுகள் எல்லாம் வட்டக்கச்சி வீட்டோடு போயிற்று. உன்னிடம் பத்திரிகை இருந்தால், ‘என் மாமி’ என்ற இடத்தை வெட்டிச் ‘சிவதர்சினியின் சித்தி சிவலட்சுமி’ என்று எழுது. பேனையால் எழுது. பென்சிலால் இல்லை.

எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. வேறு ஒன்றும் கொண்டுவர முடியவில்லை.

தர்சினி


நெளுக்குளம்,
15.06.2009

தர்சினி,

படிவம் இன்று காலை வந்தது. கடையில் ஆட்கள் நின்றார்கள். ஒருவருடைய விண்ணப்பத்தைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். அப்படியே எழுந்து உள்ளே போய்விட்டேன். ஸாஜித்தான் மிச்சத்தை அடித்துக் கொடுத்தார், நிறையப் பிழையோடு.

பத்திரிகை இருக்கிறது. சித்தியின் பெயரை எழுதிவிட்டேன். பேனையால்தான். வெட்டிய கோடு நேராக இல்லை.

இங்கிருந்து செட்டிகுளத்துக்கு ஒரு மணித்தியால பஸ். இரண்டு மாதமாக நீ அங்கே இருந்திருக்கிறாய். நான் ஒவ்வொரு நாளும் இங்கே இருந்து மற்றவர்களின் விண்ணப்பங்களை அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதில் பாதி முகாமில் உள்ளவர்களைத் தேடுகிற விண்ணப்பம். ஒரு நாள்கூட உன் பெயரில் ஒன்று அடிக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பார்க்க விடுகிறார்களாம், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று. உறவினர் மட்டும். தங்கை என்று நீயே எழுதிவிட்டாய், இனி மாற்ற முடியாது. உம்மா வேண்டாம் என்கிறா, நானா வேண்டாம் என்கிறார், வாப்பா மட்டும், “போயிட்டு வா, அந்தப் பிள்ளைக்கு என்ன வேணுமெண்டு கேள்” என்றார். செவ்வாய்க்கிழமை வாறேன்.

அழ மாட்டேன். நீயும் அழக்கூடாது. உன்னிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.

றிஸ்பா


முகாம்,
செட்டிகுளம்.
24.06.2009

றிஸ்பா,

நீ போன பிறகு அம்மா கேட்டா: “அந்தப் பிள்ளை ஏன் அப்பிடிக் கத்தினது?”

இருபது நிமிடம் தந்தார்கள். கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு ஆள் அகலம் இடைவெளி. ஒரே நேரத்தில் இருநூறு பேர் கதைக்கிற சத்தம். கத்தாமல் ஒன்றும் கேட்காது. நீ வந்த உடனே அழப் போகிறாய் என்று நினைத்தேன். உன் முகம் அப்படித்தான் போனது. பிறகு, “பாதை திறந்திருக்கேக்க ஏன் வரேல்லை?” என்று தொடங்கினாய். எனக்கும் பற்றிக்கொண்டது. “நாலு வருசம் ஏன் பதில் போடேல்லை?” என்றேன். நீ பாலன் ஐயா வாசித்ததைச் சொன்னாய். நான் சித்தி வாசித்ததைச் சொன்னேன். பிறகு அந்தத் தீவு விளையாட்டு ஒரு விளையாட்டே இல்லை, எதிரி இல்லாத விளையாட்டுக்கு என்ன பெயர் என்று நீ கேட்டாய் பார், அப்போது எனக்கு வந்த கோபத்தில் கம்பியைப் பிடித்து ஆட்டிவிட்டேன். காவலுக்கு நின்றவன் திரும்பிப் பார்த்தான். எதிரி இல்லாத ஒரு இடத்தில் ஒரு மணித்தியாலம் நடக்கலாம் என்பதற்காகத்தான் அதை விளையாடினேன் என்று கத்தினேன். அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று நீ கத்தினாய். எழுதினேன், நீதான் அந்தப் பந்தியை வெட்டிவிட்டாய் என்றேன். வெட்டியது பாலன் ஐயா என்றாய். நான் இன்னும் நம்பவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா, தன் மகனுடைய விரலையாவது தொட முடியுமா என்று கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தா. அவா ஒரு கட்டத்தில் அதை விட்டுவிட்டு எங்களையே பார்த்தா. பதினெட்டு நிமிடம் சண்டை. கடைசி இரண்டு நிமிடத்தில்தான் என்ன வேண்டும் என்று கேட்டாய். சவர்க்காரம் என்றேன். வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. விசில் அடித்துவிட்டார்கள்.

போன பிறகு உன்மேல் எரிச்சலோடு கூடாரத்துக்கு நடந்தேன். பாதி வழியில் நின்றுவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், கவனமாக வாசி.

இங்கே வந்த நாளில் இருந்து யாரும் என்னோடு சாதாரணமாகக் கதைக்கவில்லை. எழுதுகிறவர்கள் வருகிறார்கள், “எத்தனை பேர் இறந்தார்கள்?” என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். வைத்தியர் தலையைத் தடவுகிறார். தண்ணீர் வரிசையில் நின்றால், “அப்பா இல்லாத பிள்ளை” என்று வழி விடுகிறார்கள். எல்லோரும் மெதுவாகக் கதைக்கிறார்கள். நான் ஒரு உடைந்த சாமான்போலவும், பலமாகக் கதைத்தால் மிச்சமும் உடைந்துவிடும்போலவும். நானும் அப்படித்தான் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

நீ ஒருத்திதான் வந்து நின்று, நான் செய்த பிழையைச் சொன்னாய். பதினெட்டு நிமிடம் உனக்கு என்மேல் துளி இரக்கம் இருக்கவில்லை. அந்தப் பதினெட்டு நிமிடமும் நான் அகதி இல்லை. வட்டக்கச்சிச் சிவதர்சினியாக நின்றேன், திமிர் பிடித்தவளாக, மற்றவர் எழுதியதை வாசிக்காதவளாக, அந்தப் பந்தியை யார் வெட்டியது என்று கண்டுபிடிக்காமல் விடாதவளாக.

கூடாரத்துக்குப் போய் அம்மாவிடம் பசிக்கிறது என்றேன். அம்மா திகைத்துப் போனா. நான் வாய் திறந்து சாப்பாடு கேட்டது சித்திரைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இருந்த பருப்பையும் சோற்றையும் இரண்டு பேரும் சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டே அம்மாவுக்கு உன்னைப் பற்றிக் குறை சொன்னேன். அம்மா சிரித்தா.

தர்சினி